பெரிய வீடு குழு: ஏஞ்சல் மீன் குஞ்சுகளுக்கு நேரா நேரத்துக்கு உயிர் உணவு

புதன்

செல்வி: ஏஞ்சல் மீன் குஞ்சுகள் இன்று காலை இலையை விட்டு நீந்த ஆரம்பித்துவிட்டன. படம் போட்டிருக்கிறேன், பெரிதாக்கிப் பாருங்கள். கண்ணும் வாலும்தான் தெரியும்.

அத்தை: அடடா! கண்ணு படப் போகிறது, வேறு எங்கும் போடாதே. எத்தனை இருக்கும்?

செல்வி: எண்ண முடியவில்லை அத்தை, நூறுக்கு மேல் இருக்கும். வெள்ளி இரவு மன்னை எக்ஸ்பிரஸில் நானும் அவரும் சென்னைக்குக் கிளம்புகிறோம், திங்கள் காலைதான் திரும்புவோம். அந்த இரண்டு நாள்தான் கவலை. வயிற்றில் ஒட்டியிருந்த கரு தீர்ந்துவிட்டது. இனி வெளியிலிருந்து சாப்பாடு வந்தாக வேண்டும், அதுவும் ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை.

மாமா: கடையில் தானாகத் தீனி போடும் டப்பா விற்கிறதே?

செல்வி: அது உலர் தீனி கொட்டுகிற டப்பா மாமா. இந்த வயதுக் குஞ்சு அதைத் திரும்பியும் பார்க்காது. அசைவதைத்தான் கொத்தும். ஆர்ட்டீமியா, அதாவது உப்புத் தண்ணீரில் வாழும் பொடி இறால் இனம், அதன் முட்டையைப் பொரிக்கப் போட்டிருக்கிறேன், நாளைக் காலை தயாராகிவிடும். அதை நான் இல்லாதபோது யார் போடுவது?

கதிர்: அக்கா, நான் செய்து தருகிறேன். கல்லூரி வேலைக்கு வாங்கிய பெரிஸ்டால்டிக் பம்ப் ஒன்று சும்மா கிடக்கிறது. வியாழன் மாலை தஞ்சாவூரிலிருந்து பஸ் ஏறிவிடுவேன்.

செல்வி: சாதாரண பம்ப் வேண்டாம்டா. உள்ளே சுற்றுகிற இறக்கை ஆர்ட்டீமியா குஞ்சுகளை அரைத்துவிடும்.

கதிர்: அதனால்தான் இதைச் சொல்கிறேன். இதில் இறக்கையே கிடையாது. சிலிக்கான் குழாயை வெளியிலிருந்து உருளைகள் அழுத்திக்கொண்டே சுற்றும், உள்ளே இருக்கிற தண்ணீர் நகரும். சேமியா பிழியும் அச்சு போல நசுக்கிவிடாது. ஆர்ட்டீமியா குஞ்சு அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, குழாய் மடிகிற இடத்தைத் தாண்டிப் பெரும்பாலும் உயிரோடுதான் வரும். இன்னொரு நல்லதும் உண்டு. பம்ப் நிற்கும்போது ஏதாவது ஓர் உருளை குழாயை அழுத்தியபடியேதான் நிற்கும். அதனால் பாட்டில் மேலே, தொட்டி கீழே இருந்தாலும் தண்ணீர் தானாக வழிந்து இறங்காது.

அத்தை: தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கரண்டா? ஆளில்லாத வீட்டில்?

கதிர்: பம்ப் 12 வோல்ட்தான் அத்தை. அடாப்டர் மட்டும் சுவர் பிளக்கில் இருக்கும், தொட்டியை விட உயரத்தில். அக்கா, வயரைத் தொட்டியிலிருந்து நேராகப் பிளக்குக்கு இழுக்காதீர்கள். நடுவில் கீழே தொங்குகிற மாதிரி ஒரு வளைவு விடுங்கள். வயர் வழியாகத் தண்ணீர் ஓடி வந்தாலும் வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது. வீட்டில் ஆர்.சி.சி.பி., அதாவது கரண்ட் கசிந்தால் தானாகத் துண்டிக்கிற சுவிட்ச், இருக்கிறதா?

செல்வி: இருக்கிறது, 30 மில்லி ஆம்பியர் போட்டது.

கதிர்: அப்படியென்றால் சரி. டெஸ்ட் பொத்தானை அழுத்தித் தட்டிவிடுகிறதா என்று மட்டும் ஒரு தடவை பாருங்கள்.

வியாழன்

செல்வி: முட்டை நன்றாகப் பொரிந்திருக்கிறது! விளக்கை அடியில் வைத்ததும் ஆரஞ்சு நிறத்தில் மேகம் மாதிரி ஒரே பக்கம் கூடிவிட்டன.

சித்தப்பா: எந்த உப்பில் போட்டாய்?

செல்வி: நீங்கள் போன தடவை கொண்டுவந்த வேதாரண்யம் கல்லுப்புதான் சித்தப்பா. ஒரு லிட்டருக்கு 30 கிராம். சமையல் தராசில் நிறுத்துப் போட்டேன், ஒரு சிட்டிகை ஆப்பசோடாவும்.

சித்தப்பா: ரொம்ப சந்தோஷம். அந்தப் பூச்சிக்கு அதுதானே சொந்தத் தண்ணீர். உப்பளத்தில் தண்ணீர் காய்ந்து கெட்டியாகும்போது மற்ற மீனெல்லாம் செத்துப்போகும், இது மட்டும் நீந்தும். தின்ன வருகிற மீன் இல்லாததால்தான் அங்கே அது பெருகுகிறது. கோடியக்கரைக்குப் பூநாரை வருகிறதே, அதற்குப் பிடித்த இரைகளில் இதுவும் ஒன்று. பூநாரையின் இளஞ்சிவப்பே இந்த மாதிரி இரையிலும் பாசியிலும் இருக்கிற நிறச்சத்தால் வருவதுதான்.

கதிர்: அப்படியென்றால் டப்பாவில் வருகிற முட்டையும் வேதாரண்யத்துடையதா சித்தப்பா?

சித்தப்பா: இல்லை. உலகம் முழுக்கப் போகிற முட்டையில் கணிசமான பங்கு அமெரிக்காவில் யூட்டா மாநிலத்துப் பெரிய உப்பு ஏரியில் அள்ளுவது. காய்ந்த முட்டை வருஷக்கணக்கில் கெடாது, ஈரம் மட்டும் படக்கூடாது. நம் ஊர்க் காற்றுக்கு டப்பாவை ஒவ்வொரு தடவையும் இறுக மூடிக் குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும் செல்வி.

செல்வி: வைத்திருக்கிறேன். கதிர், பொரிக்கிற முறையைச் சொல்லிவிடுகிறேன், அத்தைக்கும் தெரிந்திருக்கட்டும். இரண்டு லிட்டர் சோடா பாட்டிலின் அடியை வெட்டித் தலைகீழாக நிறுத்தியிருக்கிறேன். காற்றுக் குழாய் கீழே கழுத்துவரை போகிறது, முட்டை எங்கும் தங்காமல் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். 28 டிகிரி வாக்கில் 24 மணி நேரம், மேலே விளக்கு. பொரிந்ததும் காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடு மேலே மிதக்கும், பொரியாத முட்டை அடியில் படியும். நடுவில் இருப்பதை மட்டும் இறக்கி, மெல்லிய வெள்ளைத் துணியில் வடிகட்டி நல்ல தண்ணீரில் அலசுவேன். ஓடு கலந்துவிட்டால் மீன் குஞ்சு அதை விழுங்கி வயிறு அடைத்துச் செத்துவிடும், அதனால் இந்த இடத்தில் அவசரமே கூடாது.

மாமா: இவ்வளவு வேலையா! ஒரேயடியாகக் காலையில் நிறைய ஊற்றிவிட்டுப் போனால் என்ன? அவை நாள் முழுக்கத் தின்னட்டுமே.

செல்வி: உப்புத் தண்ணீரில் பிறந்தது நல்ல தண்ணீரில் சில மணி நேரம்தான் தாங்கும் மாமா. அப்புறம் செத்து அடியில் படிந்து அழுகும், அம்மோனியா ஏறும். குஞ்சு பசியில் சாவதை விட அதில் சாவதுதான் அதிகம். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. இந்தக் கருவி தேவைப்படுவதே அதற்காகத்தான்.

கதிர்: காலை 6 மணியிலிருந்து இரவு 8 வரை ஆறு வேளை வைக்கலாம் அக்கா. வேளைக்கு 40 மில்லி. பம்ப் நிமிடத்துக்கு எவ்வளவு ஊற்றுகிறது என்று அங்கே வந்து அளவு ஜாடியில் பிடித்துப் பார்த்து நேரத்தை எழுதிவிடுகிறேன். கட்டுப்படுத்த ஈ.எஸ்.பி.32 என்கிற சின்னக் கணினிப் பலகை இருக்கிறது.

செல்வி: உப்பு சேர்ந்துவிடாதா? தொட்டி 40 லிட்டர்தான்.

கதிர்: பொரிந்த பிறகு பாதி உப்பிலும் அவை நன்றாகத்தான் இருக்கும். அதனால் ஊட்டும் பாட்டிலில் லிட்டருக்கு 15 கிராம் போதும். ஒரு நாளைக்கு 240 மில்லி, அதாவது 3.6 கிராம் உப்பு. இரண்டு நாளைக்கு 7.2 கிராம். 40 லிட்டரில் லிட்டருக்கு 0.18 கிராம்தான் ஏறும். திங்கட்கிழமை வந்ததும் தண்ணீர் மாற்றிவிடுங்கள், போதும். மாதக்கணக்கில் இப்படியே விட்டால்தான் பிரச்சினை.

மாமா: கரண்ட் போனால்?

கதிர்: அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன் மாமா. சாதாரண டைமர் கரண்ட் போனால் நின்றுவிடும், வந்தபின் அந்த அளவுக்குப் பின்தங்கியே ஓடும். நான் வைக்கிற கடிகாரச் சில்லு, டி.எஸ்.3231, சின்ன நாணய பேட்டரியில் நேரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். பம்புக்கும் பலகைக்கும் பழைய யு.பி.எஸ். பேட்டரி, 12 வோல்ட் 7 ஆம்பியர் மணி. ஒரு நாளைக்குச் சில நிமிடம்தான் பம்ப் ஓடப்போகிறது, இரண்டு நாளைக்குத் தாராளம்.

சித்தப்பா: கஜா அடித்த 2018 நவம்பரில் எங்கள் பக்கம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. பேட்டரி இல்லாமல் எதையும் நம்பாதே தம்பி.

செல்வி: பம்பை விடக் காற்றுதான் எனக்கு பயம். பாட்டிலில் காற்று நின்றால் எல்லாம் அடியில் குவிந்து மூச்சு முட்டிச் செத்துவிடும். அப்புறம் பம்ப் நேரத்துக்கு ஓடி என்ன, வெறும் உப்புத் தண்ணீரைத்தான் ஊற்றும்.

கதிர்: தூண்டில் போடுகிறவர்கள் வைத்திருக்கிற பேட்டரி ஏர் பம்ப் ஒன்று எடுத்து வருகிறேன். ரொம்ப வேகமாகக் குமிழி விடாமல் மெதுவாக, கலங்கும் அளவுக்கு மட்டும்.

செல்வி: இன்னொரு விஷயம். பொரிந்து ஆறேழு மணி நேரத்துக்கு மேல் இந்த வெயிலில் வைத்தால் அவற்றின் வயிற்றில் இருக்கிற கருச்சத்தை அவையே கரைத்துவிடும். உயிரோடு இருக்கும், சத்து இருக்காது. ஆகவே குளிர வைக்க வேண்டும்.

கதிர்: தெர்மோகோல் பெட்டியில் பாட்டிலை நிறுத்திப் பக்கத்தில் உறைய வைத்த தண்ணீர் பாட்டில் இரண்டு. போதுமா?

செல்வி: போதும். குளிரில் மந்தமாகிவிடும், ஆனால் தொட்டித் தண்ணீரில் விழுந்ததும் மறுபடி துடிக்கும். ஞாயிற்றுக்கிழமைப் பங்கைக் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் அகலமான டப்பாவில் வைத்துவிடுகிறேன். 4 டிகிரியில் ஒன்றிரண்டு நாள் தாங்கும்.

அத்தை: அதை ஞாயிறு காலை நான் வந்து பாட்டிலில் ஊற்றுகிறேன். வடுவூரிலிருந்து பஸ் இருக்கிறது, உறைந்த பாட்டிலையும் மாற்றிவிடுகிறேன். எனக்கு ஒரு சந்தேகம். நம் கொல்லைத் தொட்டியில் கொசுப்புழு நிறைய நெளிகிறதே, அதைப் போட்டால் இத்தனை வேலை இல்லையே?

செல்வி: பெரிய மீன்களுக்கு அருமையான தீனி அத்தை. இந்தக் குஞ்சின் வாய்க்கு அது பெரிது. அத்துடன் அந்தத் தொட்டியை இன்றே கவிழ்த்துவிடுங்கள். நல்ல தண்ணீரில் முட்டையிடுகிற கொசுதான் டெங்கு பரப்புகிறது, நம் வெயிலுக்கு ஒரு வாரம், பத்து நாளில் புழு பறந்துவிடும்.

அத்தை: அப்படியா! இப்போதே கவிழ்க்கிறேன்.

வியாழன் இரவு

கதிர்: வந்துவிட்டேன், பொருத்தியாயிற்று. ஒரு சிக்கல் தெரிந்தது. ஒரு வேளை முடிந்ததும் குழாய்க்குள் கொஞ்சம் தண்ணீர் நின்றுவிடுகிறது. அதில் இருக்கிற ஆர்ட்டீமியா குஞ்சுகள் அடுத்த வேளைவரை காற்றில்லாமல் செத்துப்போகும். அடுத்த வேளையில் முதலில் விழுவது அந்தச் செத்ததுதான்.

சித்தப்பா: குழாயைச் சின்னதாக வெட்டு.

கதிர்: வெட்டினேன் சித்தப்பா, இருந்தாலும் மிச்சம் இருக்கிறது. அதனால் ஊற்றி முடித்ததும் மோட்டாரைச் சில விநாடி பின்பக்கம் சுற்ற வைத்துவிட்டேன். எல்.298 பலகை மூலம் மோட்டாருக்குப் போகிற கரண்டின் திசையைத் திருப்பினால் போதும். குழாய் முனை தொட்டித் தண்ணீருக்கு மேலே இருப்பதால் காற்றை உறிஞ்சிக்கொண்டு, மிச்சம் எல்லாம் பாட்டிலுக்கே திரும்பிவிடுகிறது.

செல்வி: நேரில் பார்த்தேன். குழாய் சுத்தமாகக் காலியாகிவிடுகிறது! விழுந்த ஒரு நிமிடத்தில் குஞ்சுகள் பாய்ந்து கொத்தின. பத்து நிமிடத்தில் எல்லா வயிறும் ஆரஞ்சு நிறம். கதிர், உனக்கு நாளைக்குப் பால்கொழுக்கட்டை.

மாமா: பார்க்கவே மனசு நிறைகிறது. சரி, இவை வளர்ந்த பிறகும் இதே கஷ்டமா?

செல்வி: இல்லை மாமா, இரண்டு மூன்று வாரம் போனால் மொய்னா தின்னும் அளவுக்கு வாய் பெரிதாகிவிடும். அது நல்ல தண்ணீர்ப் பூச்சி, தின்னாமல் விட்டாலும் தொட்டியிலேயே உயிரோடு நீந்திக்கொண்டிருக்கும். உங்கள் கொல்லை சிமெண்டுத் தொட்டி கிடைக்குமா?

மாமா: எடுத்துக்கொள். மொய்னாவுக்குத் தீனியாகப் பாசி நிறைந்த பச்சைத் தண்ணீர் வேண்டும் என்பாயே, கடலைப் புண்ணாக்கு ஊறவைத்த தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றி வெயிலில் விட்டால் நாலைந்து நாளில் பச்சை பிடித்துவிடும். வாய்க்கால் தண்ணீர் மட்டும் வேண்டாம், போர் தண்ணீர் விடுகிறேன்.

கதிர்: ஏன் மாமா? வாய்க்காலில்தான் இந்தப் பூச்சி தானாகவே இருக்குமே.

மாமா: இருக்கும். ஆனால் ஜூன் 12 மேட்டூர் திறந்து தண்ணீர் வந்து, குறுவை நட்டுவிட்டால் மருந்தடிப்பும் வந்துவிடும். வயல் வடிகால் தண்ணீர் எல்லாம் அதில்தான் சேர்கிறது. நெல்லுக்கு அடிக்கிற பூச்சிமருந்து இந்தச் சின்னப் பூச்சியை விட்டுவைக்காது. மீன் சாகாத அளவு மருந்துக்கும் இது செத்துவிடும்.

செல்வி: உண்மைதான். தண்ணீரில் நஞ்சு இருக்கிறதா என்று ஆய்வுக்கூடத்தில் சோதிப்பதே இதன் உறவுக்கார டாஃப்னியாவை வைத்துத்தான்.

மாமா: மொய்னாவைத் தொட்டிக்குக் கொண்டுவரவும் பம்பா?

கதிர்: அதற்குக் கரண்டே வேண்டாம் மாமா. மருந்துக்கடையில் விற்கிற சலைன் செட் போதும். மேலே ஒரு கேனில் தண்ணீர், நடுவில் மொய்னா வாளி, கீழே மீன் தொட்டி. செட்டின் உருளையைத் திருகி நிமிடத்துக்கு 60 சொட்டு வைத்தால், 20 சொட்டு ஒரு மில்லி என்ற கணக்கில் மணிக்கு 180 மில்லி, ஒரு நாளைக்கு நாலு லிட்டருக்குக் கொஞ்சம் மேல். வாளி நிரம்பி வழியும்போது மொய்னாவும் சேர்ந்து வழிந்து தொட்டியில் விழும். 40 லிட்டரில் தினம் பத்தில் ஒரு பங்கு தண்ணீரும் மாறிவிடும். கூடுதல் தண்ணீர் வெளியேற, தொட்டி விளிம்பில் வலை கட்டிய ஒரு குழாய் வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

சித்தப்பா: வாளிக்கு மேல் கொசுவலை கட்டிவிடு. தட்டான் முட்டையிட்டால் அதன் புழு மொய்னாவையும் தின்னும், மீன் குஞ்சையும் தின்னும்.

செல்வி: சரி சித்தப்பா. கேன் தண்ணீர் குழாய்த் தண்ணீராக இருந்தால் ஒரு நாள் திறந்து வைத்துக் குளோரின் போன பிறகுதான் விடவேண்டும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வெள்ளி

செல்வி: எல்லாம் ஓடுகிறது. அத்தை, சனி மாலையும் ஒரு தடவை வரமுடியுமா? தொட்டிக்கு அடியில் ஆரஞ்சாகப் படிந்திருந்தால் மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். அதிகமாகப் படிந்திருந்தால் கதிருக்குச் சொல்லுங்கள், வேளைக்கு 40-ஐ 30 ஆகக் குறைத்துவிடுவான்.

கதிர்: ஃபோனிலிருந்தே மாற்றிவிடுவேன் அத்தை, நீங்கள் எதையும் தொடவேண்டாம். படம் எடுத்து அனுப்புங்கள், போதும்.

அத்தை: இரண்டு நாளும் வருகிறேன். உறிஞ்சும்போது குஞ்சு ஏதாவது குழாயில் வந்துவிட்டால்?

செல்வி: வெள்ளைக் கிண்ணத்தில் விடுங்கள், குஞ்சு இருந்தால் கருப்பாகத் தெரியும். கரண்டியில் தண்ணீரோடு மொண்டு திரும்ப விட்டுவிடலாம். சாவி மாடி வீட்டுக்காரரிடம் இருக்கும்.

அத்தை: கிண்ணம், கரண்டி, மாடி வீட்டுச் சாவி. குறித்துக்கொண்டேன். கவலைப்படாமல் ரயில் ஏறு.