தக்கையில்லாத் தூண்டில்: குட்டை நரம்பு நிம்ஃப் முறை வளர்ந்தது எப்படி?

கேள்வி (சோழவந்தானிலிருந்து):

அனைவருக்கும் வணக்கம். மயிலிறகுத் தண்டைத் தக்கையாகக் கட்டி, வைகையில் கெண்டை பிடித்து வளர்ந்தவன் நான். சென்ற மாதம் மூணாறுப் பக்கத்து ஓடை ஒன்றில் ட்ரவுட் மீன் பிடிக்கும் உறவினருடன் ஒரு நாள் முழுவதும் நின்றேன். அவருடைய கம்பு பத்தடிக்கு மேல் இருந்தது. வெளியே விட்ட தூண்டில் நரம்போ கம்பின் நீளத்தைவிடச் சற்றே அதிகம். தக்கை கிடையாது. கனமான இரண்டு செயற்கைப் பூச்சிகளை ஓட்டத்தின் மேற்புறம் இட்டு, கம்பை உயர்த்திப் பிடித்து, அவை மிதந்து வரும் வேகத்திலேயே கம்பையும் நகர்த்தினார். இதற்கு ஐரோப்பிய நிம்ஃப் முறை என்று பெயர் சொன்னார். தக்கையை விட்டுவிடும் எண்ணம் எதனால் வந்தது, அது யாரிடம் தொடங்கியது என்று அறிய விரும்புகிறேன்.

மறுமொழி 1 (கம்பத்திலிருந்து):

காரணத்தை முல்லைப் பெரியாற்றிலேயே பார்க்கலாம். மேலே மிதக்கும் சருகு விரைந்து போகும். அடியில் கற்கள் தடுப்பதால் நீர் மெதுவாக நகரும். நிம்ஃப் என்பது நீரடியில் வாழும் பூச்சியின் இளம்பருவம். கல்லிலிருந்து கை நழுவினால் அது அடிநீரின் வேகத்தில்தான் மிதந்து வரும். தக்கையும் நீர்மேல் கிடக்கும் நரம்பும் மேலோட்டத்தோடு ஓடி, அடியிலுள்ள பூச்சியை இழுத்துவிடுகின்றன. இழுபடும் இரையை ட்ரவுட் நம்புவதில்லை. நரம்பைக் குறைத்து, நீருக்கு மேலே தூக்கிப் பிடித்தால் அந்த இழுப்பு பெருமளவு நீங்கும்.

மறுமொழி 2 (மதுரை, கே.கே.நகரிலிருந்து):

வரலாற்றைப் பொறுத்தவரை ஒரே தொடக்கம் என்று எதையும் காட்ட முடியாது. இங்கிலாந்தின் ஏவன் ஆற்றைக் காத்துவந்த ஃபிராங்க் சாயர், நூலுக்குப் பதில் செம்புக் கம்பியால் ஃபெசன்ட் பறவையின் வால் இழைகளைச் சுற்றி, செயற்கைப் பூச்சிக்குள்ளேயே எடையை வைத்தார். ஆனால் அவர் தெளிந்த நீரில் கண்ணுக்குத் தெரியும் மீனுக்கு வீசியவர். கலிபோர்னியாவின் மேல் சாக்ரமெண்டோ ஆற்றிலோ, விண்டு பழங்குடியைச் சேர்ந்த டெட் டோவென்டோலி கனத்த பூச்சிகளைக் கட்டி, குட்டை நரம்பில் பாறை இடுக்குகளுக்குள் இறக்கிப் பிடித்தார்; டன்ஸ்மியூர் ஊரின் டெட் ஃபே அதைக் கற்றுப் பரப்பினார். டோவென்டோலியின் பெயர் இன்று அதிகம் பேசப்படாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

பெரிய திருப்பம் போட்டிகளால் வந்தது. 1981-இல் தொடங்கிய உலக ஃபிளை (செயற்கைப் பூச்சி) மீன்பிடிப் போட்டிகளின் விதிகள் தக்கையையும், நரம்பில் தனியே ஈயம் கட்டுவதையும் அனுமதிப்பதில்லை. ஆகவே எடை முழுவதையும் பூச்சிக்குள்ளேயே வைக்க வேண்டியிருந்தது. விரைந்தோடும் ஆறுகளில் பழகிய போலந்துக்காரர்கள் 1980-களில் இதில் முன்னே நின்றார்கள். அவர்களிடமிருந்து கற்ற செக் வீரர்கள் செம்மைப்படுத்தியதால், உலகமெங்கும் செக் நிம்ஃப் முறை என்ற பெயரே நிலைத்துவிட்டது. பிரான்சிலும் ஸ்பெயினிலும் தெளிந்த, ஆழமில்லாத ஆறுகளில் ஆள் நெருங்கினாலே மீன் ஓடிவிடும் என்பதால், அங்குள்ளவர்கள் மெல்லிய நரம்பை மிக நீளமாக விட்டு, தக்கையின் வேலையை நரம்பில் இணைத்த நிறத் துண்டிடம் கொடுத்தார்கள். பிறகு டங்ஸ்டன் மணிகள் வந்தன. ஈயத்தைவிட ஏறத்தாழ 1.7 மடங்கு அடர்த்தியுள்ள அந்த உலோகத்தால் சின்னஞ்சிறு பூச்சியும் விரைவில் அடியைத் தொட்டது.

மறுமொழி 3 (தேனியிலிருந்து):

ஐயா, வைகையில் இதை முயல விரும்பினால் அணையிலிருந்து நீர் திறந்துவிடும் நாட்களில், கல் பரவிய ஓட்டத்தில் பாருங்கள். கண்மாயில் பயனில்லை, நீர் ஓடாத இடத்தில் பூச்சி அப்படியே அடியில் அமர்ந்துவிடும், அங்கே உங்கள் மயிலிறகுத் தக்கைதான் சரி. நரம்பை விறைக்கவும் விடாமல், தொய்யவும் விடாமல் பிடிப்பதுதான் கடினம். எனக்கு அது கைக்கு வர இரண்டு பருவங்கள் ஆயின. நிறத் துண்டு ஒரு கணம் நின்றாலும் கம்பை மெல்ல உயர்த்திப் பாருங்கள். பாதி நேரம் அது கல்லாகவே இருக்கும்.