நுழைவாய் வேன்களில் எது இழப்பு, எது இழப்பன்று?

நான் செய்த தவறிலிருந்தே தொடங்குகிறேன். மையவிலக்குக் கம்ப்ரஸர் ஒன்றின் நுழைவாய் வேன்களை, அதாவது உள்ளே வரும் காற்றைத் திருப்பிவிடும் தகடுகளை, முழுத் திறப்பிலிருந்து 50 பாகைக்குத் திருப்பி, அவற்றுக்கு முன்னும் பின்னும் குழாய்ச் சுவரில் நிலை அழுத்தத்தை (ஓட்டத்தின் வேகத்தைச் சேர்க்காத அழுத்தத்தை) அளந்து, வித்தியாசம் முழுவதையும் இழப்பு என்றே எழுதிவிட்டேன். அறிக்கையைப் பார்த்த மூத்த பொறியாளர், "காற்று சுழல்வதற்கான வேகம் எங்கிருந்து வந்தது?" என்று மட்டும் கேட்டார். வேன்களைத் தாண்டும் காற்று சுழற்சி பெற்று வேகமெடுக்கிறது. அதற்கு ஈடாக நிலை அழுத்தம் குறைவது இழப்பாகாது. நிலை அழுத்தமும் வேகத்தால் வரும் அழுத்தமும் சேர்ந்த மொத்த அழுத்தத்தில் ஏற்படும் வீழ்ச்சியே இழப்பு. காற்று சாய்ந்து வந்தாலும் மொத்த அழுத்தத்தைச் சரியாக அளக்கக்கூடிய கீல் (Kiel) குழாயை நுழைத்துப் பார்த்தபோது, என் எண் ஏறத்தாழ பாதியாகிவிட்டது.

பிறகு கோணத்தை மாற்றி மாற்றி அளந்தோம். 30 பாகை வரை இழப்பு சொற்பமே. 60 பாகையைத் தாண்டியதும் தட்டையான வேன்களின் முதுகை விட்டுக் காற்று பிரிந்து, சுழற்சியைவிடக் கொந்தளிப்பே மிகுந்தது. அந்த நிலையில் அது வேன் அன்று, ஓட்டத்தை வெறுமனே மறிக்கும், விலை கூடிய பட்டர்ஃபிளை வால்வு.

---

மேலே எழுதியவருக்கு என் பதில்: எங்கள் கம்ப்ரஸரில் நேர்ந்தது வேறு வகை. வேன்களைத் திருப்பும் ஆக்சுவேட்டரின் காட்டி முழுத் திறப்பைக் காட்டியபோதும், அதே ஓட்டத்துக்கு மோட்டார் வழக்கத்தைவிட அதிக மின்சாரம் இழுத்தது. வடிகட்டி, குளிர்விப்பான் என்று இரண்டு வாரம் தேடியபின், நுழைவாய்க் குழாயைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தோம். 11 வேன்களில் ஒன்று மட்டும், அதைத் திருப்பும் இணைப்பின் (லிங்கேஜ்) ஆணி தேய்ந்ததால், சுமார் 15 பாகை சாய்ந்து நின்றது. கம்ப்ரஸரின் சுழலும் சக்கரமான இம்பெல்லரின் ஒவ்வொரு இறக்கையும் சுற்றுக்கு ஒருமுறை அந்த வேனுக்குப் பின்னால் உருவாகும் கலங்கிய ஓட்டத்தைக் கடந்தாக வேண்டும். கடக்கும்போதெல்லாம் காற்று இறக்கையில் படும் கோணம் மாறும். இழப்பில் ஒரு பங்கு வேனில் இல்லாமல் இம்பெல்லரில் நிகழ்வதால், வேனைச் சுற்றி மட்டும் அளந்திருந்தால் அது அகப்பட்டிருக்காது.

---

முதலில் எழுதிய நான், உங்கள் அந்தக் கடைசி வரியை என் சோதனைக்கும் பொருத்திப் பார்க்கிறேன். எங்கள் வேன்கள் நடுவில் ஒன்றையொன்று தொடாமல் சிறு துளை விட்டிருந்தன. வேன்களை மூட மூட, அத்துளை வழியே சுழற்சியற்ற காற்று தாரையாகப் பாய்ந்து, இம்பெல்லர் இறக்கைகளின் அடிப்பகுதிக்கு ஒரு கோணத்திலும் விளிம்புக்கு வேறொரு கோணத்திலும் சென்றிருக்க வேண்டும். கீல் குழாயை நான் ஒரே ஆழத்தில்தான் நிறுத்தியிருந்தேன்.