கைப்பேசிக்கும் கணினிக்கும் ஒரே செயலி: நம் கரையில் எழுதுவோரை எப்படி அழைத்து வருவது?

தங்கச்சிமடம் கணக்கர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தங்கச்சிமடத்தில் மீன் கமிஷன் கடை ஒன்றில் நான் கணக்கு எழுதுகிறேன். படித்தது கணினி அறிவியல். படகு கரை சேர்ந்ததும் எடை பார்த்துக் குறிப்பவர் கையில் இருப்பது கைப்பேசி. டீசலுக்கும் ஐஸுக்கும் ஆனதைக் கழித்து, முன்பணத்தில் எவ்வளவு பிடிப்பது, படகு உரிமையாளரான சம்மாட்டிக்கு எவ்வளவு, ஆட்களின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கடையில் உள்ள பழைய கணினியில். ஒரே கணக்கை இரண்டு முறை எழுத வேண்டியிருந்தது. அதனால் வரும் பிழைகளுக்காக ஆட்களிடம் பேச்சு வாங்கவும் வேண்டியிருந்தது. ஆகவே இரண்டு திரைகளிலும் ஓடக்கூடிய ஒரே செயலியை நாங்கள் மூவர் சேர்ந்து எழுதினோம்.

தன்னார்வலர்கள் சேர்ந்து மென்பொருள் எழுதும் கே.டி.ஈ. குழுமத்தின், செயலித் திரைகளை அமைக்க உதவும் கிரிகாமி என்னும் கட்டமைப்பைத் தேர்ந்தெடுத்தோம். அகன்ற திரையில் படகுகளின் பட்டியலும் அன்றைய விவரமும் அருகருகே நிற்கின்றன. ஒடுங்கிய திரையில் அதே பக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. கடைக் கணினியில் லினக்ஸ் இயங்குதளம், கரையில் ஆண்ட்ராய்டு, இரண்டுக்கும் ஒரே நிரல். கடலில் சிக்னல் இல்லாதபோதும் எழுத வேண்டும் என்பதால், கணக்கு முதலில் கருவியிலேயே எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் சேர்ந்து, கரைக்கு வந்தபின் இணைகிறது. ஓராண்டாகக் குறையின்றி ஓடுகிறது.

ஆனால் ஒரு செயலியை மட்டும் வைத்துக்கொண்டு இதைப் பலரும் செயலி எழுதும் தளம் என்று சொல்ல முடியாது. கருவாட்டு வியாபாரம், பாசி வளர்ப்பு, ஐஸ் கம்பெனி, வலை பழுதுபார்ப்பு என்று இராமநாதபுரம் கடற்கரையில் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை ஒவ்வொரு தொழிலிலும் இதே இரட்டை வேலை இருக்கிறது. மூவரால் எல்லாவற்றையும் எழுத இயலாது. சென்ற ஆண்டு ஒரு கல்லூரியில் இரண்டு நாள் பயிலரங்கு நடத்தி, சிறந்த செயலிக்குப் பரிசும் அறிவித்தோம். 22 மாணவர்கள் வந்தார்கள், ஏழு செயலிகள் உருவாயின, பரிசும் கொடுத்தோம். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது அவற்றில் ஒன்றைக்கூட எவரும் தொட்டிருக்கவில்லை. மாணவர்கள் திறமையானவர்கள், தவறு எங்கள் அழைப்பில்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். செயலி எழுதுவோரை வரவழைத்துத் தங்கவும் வைப்பதற்கு நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

கீழக்கரைவாசி எழுதியது:

நண்பருக்கு வணக்கம். வளைகுடாவிலும் சென்னையிலுமாக நெடுநாள் நிரல் எழுதிப் பிழைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பரிசுத் தொகையால் செயலிகள் வரும், எழுதியவர்கள் தங்கமாட்டார்கள். 2012-இல் பிளாக்பெர்ரி நிறுவனம் தன் புதிய தளத்துக்கு ஆட்களை அழைத்தபோது, தரச் சான்று பெற்ற செயலி முதலாண்டில் 1,000 டாலர் ஈட்டிவிட்டால் 10,000 டாலருக்குக் குறைவதைத் தானே ஈடுகட்டுவதாக உறுதியளித்தது. செயலிகள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. அவற்றைப் பயன்படுத்துவோர்தான் போதிய அளவில் சேரவில்லை. 2019 முடிவில் அந்தச் செயலிக் கடையே மூடப்பட்டது.

2015 ஜூலையில் வந்த விண்டோஸ் 10, ஒரே நிரல் கைப்பேசியிலும் கணினியிலும் ஓடும் என்ற வாக்கோடுதான் வந்தது. லூமியா 950 கைப்பேசியைப் பெரிய திரையோடு இணைத்தால் அது கணினியைப்போலவே வேலை செய்தது. அந்த ஏற்பாடு எனக்கு இன்றும் பிடிக்கும். ஆனால் அந்தக் கைப்பேசிகளை வைத்திருந்தோர் மிகச் சிலர் என்பதால், சிறிய திரைக்கென்று உழைக்க எழுதுவோருக்குக் காரணம் கிடைக்கவில்லை. 2020 ஜனவரியில் கைப்பேசிப் பதிப்புக்கான ஆதரவு முடிந்தது.

லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவுக்கு நேர்ந்தது வேறு. 2013-இல் உபுண்டு எட்ஜ் கைப்பேசிக்காக 3 கோடியே 20 லட்சம் டாலர் திரட்ட முயன்று, ஏறத்தாழ 1 கோடியே 28 லட்சத்தோடு அந்த முயற்சி நின்றது. 2017 ஏப்ரலில் உபுண்டுவை நடத்தும் கனோனிக்கல் நிறுவனம் கைப்பேசித் திட்டத்தையே கைவிட்டது. ஆயினும் நிரல் கட்டற்றதாக, அதாவது யாரும் எடுத்து மாற்றிப் பயன்படுத்தக்கூடியதாக இருந்ததால், யூபிபோர்ட்ஸ் என்னும் தன்னார்வக் குழு அதை எடுத்து உபுண்டு டச் என்ற பெயரிலேயே தொடர்ந்து நடத்தி வருகிறது. ஒரு நிறுவனம் விலகியதால் அதற்கென்று எழுதியவர்களின் உழைப்பு மண்ணோடு போய்விடவில்லை. மாணவரை அழைக்கும்போது நீங்கள் முதலில் எடுத்துச் சொல்ல வேண்டியது இதுதான்: நீங்கள் மூவரும் வேறு வேலைக்குப் போய்விட்டாலும் அவர் எழுதியது வாழும். நிரலைப் பொதுவில், கட்டற்ற உரிமத்தோடு வைத்திருக்கிறீர்களா என்று தாங்கள் எழுதவில்லை. வைக்கவில்லையென்றால் இன்றே வையுங்கள்.

அடுத்தது, முதல் ஒரு மணி நேரம். வருகிறவர் தன் மடிக்கணினியில் ஆண்ட்ராய்டுக்கான கருவிகளை எல்லாம் இறக்கி நிறுவ வேண்டும் என்றால், நினைவகம் குறைந்த மடிக்கணினி வைத்திருக்கும் மாணவர் அத்தோடு எழுந்து போய்விடுவார். இரண்டு திரைக்கும் ஒரே நிரல் என்பதன் பெரிய நன்மையே இங்குதான் இருக்கிறது, ஆனால் அதை யாரும் சொல்வதில்லை. கைப்பேசியே இல்லாமல், கணினியில் சாளரத்தை 360 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கினால் கைப்பேசித் தோற்றம் கண்முன் வந்துவிடும். இழுத்து விரித்தால் கணினித் தோற்றம். அவர் அதை மட்டும் செய்யட்டும். ஆண்ட்ராய்டுக்கான தொகுப்பை உருவாக்கும் சுமையை உங்கள் பக்கத்தில் ஒரு கணினி தானாகச் செய்யும்படி வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரிகளில் பலருக்கும் பைத்தான் தெரிந்திருக்கும். கிரிகாமி செயலியைப் பைத்தானில் எழுதும் முறை கே.டி.ஈ. கையேட்டிலேயே இருக்கிறது. உங்கள் எடைச் சீட்டுப் பக்கத்தை மட்டும் தனியே பிரித்து, வரிக்கு வரி தமிழில் விளக்கம் எழுதி, முழுமையாக ஓடும் ஒரு சிறு செயலியாகக் கொடுங்கள். நூறு பக்கக் கையேட்டைவிட அது உதவும்.

தொண்டித்துறை எழுதியது:

மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன், ஆனால் ஒரு தயக்கத்தையும் பதிவு செய்ய வேண்டும். என் மகன் உட்படக் கல்லூரி மாணவர் பலரும் கேட்கும் முதல் கேள்வி, இதைக் கற்றால் வேலை கிடைக்குமா என்பது. கூகுளின் பிளட்டர் கட்டமைப்பும் வலைச் செயலியும் வேலை விளம்பரங்களில் தென்படுகின்றன, கிரிகாமி தென்படுவதில்லை. இதை மறைக்காமல், கிரிகாமி நிற்பது க்யூட்டி என்ற நிரல் நூலகத்தின்மேல், அந்த நூலகம் கார்களின் திரைகளில்கூட ஓடுகிறது, எனவே கற்றது வேறிடத்திலும் பயன்படும் என்று நேராக விளக்குங்கள்.

மற்றொன்று தமிழ் எழுத்து பற்றியது. எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் யூனிகோடு முறையில் ‘கொ’ என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. தேடும் நிரலுக்கு வேறு வேறு. கைப்பேசியில் ஒரு வகையாகவும் கணினியில் மற்றொரு வகையாகவும் பதிவானால், கரையில் எழுதிய ‘கொடுவா’ என்ற மீன் பெயர் கடையில் தேடும்போது கிடைக்காது. சேமிக்கும் முன் எழுத்தை ஒரே வடிவத்துக்கு மாற்றும் பகுதியைத் தளத்திலேயே பொதுவாகக் கொடுத்துவிட்டால், வரும் ஒவ்வொருவரும் இதே குழியில் விழ வேண்டியதில்லை.

மண்டபம் பாசிக்குழு எழுதியது:

வணக்கம். நான் அந்தப் பயிலரங்குக்கு வந்தவள் அல்ல. வணிகவியல் படித்துவிட்டு, எங்கள் சுய உதவிக் குழுவின் கணக்கைப் பார்த்துக்கொண்டே நிரல் எழுதக் கற்றவள். என் அம்மா முன்பு கடலில் பாசி எடுக்கப் போனவர், இப்போது மிதவையில் பாசி வளர்க்கிறார். 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை, கட்டிய 45-ஆம் நாள் அறுவடை. எந்த மிதவை எந்தத் தேதியில் கட்டியது, விதைப்பாசி எவ்வளவு, காய்ந்தபின் எடை எவ்வளவு என்பதையெல்லாம் கரையில் நின்று குறிக்க வேண்டும். மாத முடிவில் வங்கிக்குக் கொடுக்கும் கணக்கை அலுவலகக் கணினியில் அச்சிட வேண்டும்.

என்னை எழுதவைத்தது எது என்று கேட்டால், அந்தத் தளம் நல்லது என்ற பேச்சு அல்ல. வேறொரு கட்டற்ற செயலியில் நான் செய்த மிகச் சிறிய திருத்தம், ஒரு தமிழ்ச் சொல் பொத்தானுக்குள் அடங்காமல் வெட்டுப்பட்டதைச் சரிசெய்ததுதான், அன்று மாலையே ஏற்கப்பட்டது. எங்கோ இருக்கும் ஒருவர் நன்றி எழுதியிருந்தார். அதன்பின் மிதவைக் கணக்குக்கு ஒரு பக்கம் எழுதினேன். எங்கள் குழுவின் மூத்த அக்கா ஒருவர் அதில் தன் மிதவைகளின் தேதிகளைப் பார்த்துவிட்டு, ஒன்றில் நாள் தவறு என்று சொன்னார். அவர் சொன்னது சரி. அந்தத் தவறைத் திருத்தாமல் அன்று என்னால் தூங்க முடியவில்லை. அந்த ஏழு செயலிகளுக்கும் இப்படித் தவறு சொல்ல ஒருவர் இருந்தாரா?

அண்ணனுக்கு ஒரு யோசனை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் இருக்கும், சம்மாட்டிகளும் படகு வேலை பார்த்துக்கொண்டு ஊரில் இருப்பார்கள், கல்லூரிகளுக்கும் அதில் பெரும்பகுதி விடுமுறை. அரங்கத்தில் நடத்துவதற்குப் பதிலாக, ஒவ்வொரு மாணவரையும் கணக்குச் சிக்கல் உள்ள ஒருவரோடு சேர்த்துவிடுங்கள். வாரம் ஒருமுறை மாணவர் அவரிடம் போய்க் காட்டட்டும். பாசிக் கணக்குக்கு எங்கள் குழு இடம் தரும்; இரண்டு பெண் பிள்ளைகளை அனுப்பினால் நானே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறேன்.

தங்கச்சிமடம் கணக்கர் எழுதியது:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. தங்கை கேட்ட கேள்விக்கு, இல்லை என்பதுதான் விடை. மாணவர்கள் எழுதிய ஏழு செயலிகளில் ஒன்றையும் நாங்கள் எந்தக் கடைக்கும் எடுத்துச் சென்று காட்டவில்லை. நடுவர்களாக இருந்த நாங்கள் மதிப்பெண் போட்டோம், கைதட்டினோம், வந்துவிட்டோம்.

நிரலைப் பொதுவில் வைத்திருந்தோம், உரிமக் கோப்பைச் சேர்க்கவில்லை. கீழக்கரை நண்பர் சொன்னபின் நேற்று இரவு ஜி.பி.எல். என்னும் கட்டற்ற உரிமத்தைச் சேர்த்துவிட்டேன். எடைச் சீட்டுப் பக்கத்தைத் தனிச் செயலியாகப் பிரிக்கும் வேலையும் தொடங்கியிருக்கிறது. இந்தத் தடைக்காலத்தில் பரிசு இல்லை. நான்கு மாணவர்கள், நான்கு தொழிலாளர்கள், வாரம் ஒரு சந்திப்பு என்று சிறிதாகவே தொடங்குகிறோம். மாணவர்களில் இருவர் மண்டபத்துக்கு வருவார்கள். யாராவது ஒரு திருத்தம் அனுப்பினால் மறுநாளுக்குள் எங்களில் ஒருவர் விடை சொல்லிவிடுவது என்றும் முடிவு செய்திருக்கிறோம்.

ஓர் உதவி வேண்டும். மீன் பெயர்களின் பட்டியலைப் பொதுவான கோப்பாக எல்லாச் செயலிகளுக்கும் கொடுக்க விரும்புகிறோம். வடகடலில் (பாக் நீரிணைப் பக்கம்) வழங்கும் பெயர் தென்கடலில் (மன்னார் வளைகுடாப் பக்கம்) மாறுகிறது. வாலிநோக்கம், ஏர்வாடி, மூக்கையூர்ப் பக்கத்திலிருந்து எழுதுகிறவர்கள் யாராவது, தங்கள் ஏலத்தில் கூவும் பெயர்களை அப்படியே எழுதி அனுப்ப முடியுமா?