புதுப்பிப்பு: டெஸ்டிங்கிலிருந்து புராடக்ட் மேனேஜர் வேலைக்கு

மென்பொருள் டெஸ்டிங்கிலிருந்து மாறி, புராடக்ட் மேனேஜராகச் சேர்வதற்கு முன் என்ன படிக்கலாம் என்று இங்கே கேட்டிருந்தேன், பாதிப் பேர் எஸ்கியூஎல் (தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்கும் மொழி) என்றீர்கள், மீதிப் பேர் சான்றிதழ் படிப்பு. சான்றிதழை இதுவரை யாரும் கேட்கவில்லை. எஸ்கியூஎல் தினமும் தேவைப்படுகிறது, ஆனால் அதைவிட உதவியது ஒருவர் போகிற போக்கில் சொன்ன "சப்போர்ட் டீமோடு போய் உட்காருங்க" என்பதுதான். எங்களுடையது கடைக்காரர்களுக்கான பில்லிங் செயலி. சப்போர்ட் டீமோடு உட்கார்ந்தபோதுதான் இது தெரிந்தது: யூபிஐயில் வாடிக்கையாளரின் பணம் போய்விடும், செயலியில் மட்டும் 'நிலுவை' என்றே நிற்கும், கடைக்காரர் வங்கி எஸ்எம்எஸ் வரும்வரை பொருளைக் கொடுக்கமாட்டார், பின்னால் வரிசை நீளும். சற்று நேரத்தில் நிலை தானாக மாறிவிடுவதால் நாங்கள் பார்க்கும் டாஷ்போர்டில் எல்லாமே வெற்றிதான்! அதனால் சேல்ஸ் கேட்ட புது ரிப்போர்ட்டைத் தள்ளிவைத்து, நிலையை உடனே சரிபார்க்கும் பொத்தானை முதலில் எடுத்திருக்கிறோம். அவர்களுக்குக் கோபம்தான், சரி. ரோட்மேப் (எதை எப்போது செய்வது என்ற திட்டம்) எழுதுவதைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: அது இன்னும் மேலாளர் கையில்தான்.