பரந்தூர்: மீனம்பாக்கத்தையே பெரிதாக்க முடியாதா?

ஏரிக்கரை (கேள்வி)

சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் கட்டத் திட்டமிட்டிருக்கும் பரந்தூர் பற்றிய பேச்சை எங்கே எடுத்தாலும் இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது. பெங்களூரு ஆண்டுக்கு 4 கோடிப் பயணிகளைத் தாண்டிவிட்டது, சென்னை 2.2 கோடியிலேயே நிற்கிறது என்கிறது ஒரு பக்கம். இப்போதுள்ள மீனம்பாக்கம் நிலையத்தில் இன்னொரு முனையம் கட்டினால் தீர்ந்தது, புது இடத்துக்குள் வரும் ஏகனாபுரம் ஊரை ஏன் அழிக்க வேண்டும் என்கிறது மறுபக்கம். பழைய இடம் உண்மையில் எவ்வளவு தாங்கும்? புது இடத்தில் தண்ணீர்ச் சிக்கல் எவ்வளவு பெரிது? நிலம் எந்தச் சட்டத்தில் எடுக்கப்படுகிறது? கட்சிச் சண்டை வேண்டாம். கணக்கு தெரிந்தவர்கள் சொன்னால் ஊர்க்கூட்டத்தில் பேச உதவும்.

ஓடுபாதை25

முனையத்தை முதலில் ஒதுக்கிவிடலாம். 2023 ஏப்ரலில் புது முனையம் திறந்தபோது கொள்ளளவு 2.3 கோடியிலிருந்து 3 கோடிக்கு உயர்ந்தது. இன்றைய கூட்டத்துக்கு அது போதும். கழுத்தைப் பிடிப்பது ஓடுபாதை.

மீனம்பாக்கத்தில் ஓடுபாதை இரண்டு. ஒன்று சுமார் 3.6 கி.மீ., இன்னொன்று சுமார் 2.9 கி.மீ. இரண்டும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகின்றன. ஒன்றில் விமானம் இறங்கிக்கொண்டிருக்கும்போது மற்றதில் கிளம்ப வேண்டியது காத்திருக்கத்தான் வேண்டும். அதனால் கணக்குக்கு இரண்டு, பயனில் ஒன்றேகால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மும்பையிலும் இதே குறுக்கு அமைப்புதான். அங்கே மணிக்கு 46 விமானம், அதாவது 78 நொடிக்கு ஒன்று. லண்டன் கேட்விக் ஒரே ஓடுபாதையில் மணிக்கு 55 வரை போகிறது, 65 நொடிக்கு ஒன்று. இறங்கிய விமானம் வேகம் குறையாமலே திரும்பி வெளியேறச் சாய்வான வழிகள், நெருக்கமான இடைவெளிக்குப் பழகிய கட்டுப்பாட்டாளர்கள், உச்ச நேரத்தில் சிறு விமானங்களைக் கலக்காமல் வைத்தல், இவைதான் அதற்கு வழி. அந்த அமைப்போடு மும்பை ஆண்டுக்கு 5 கோடிப் பேரைத் தாண்டியது. ஆகவே மீனம்பாக்கம் நாளைக்கே முட்டிக்கொள்ளும் என்று பயமுறுத்துவது சரியல்ல. ஆனால் விளிம்பில் ஓடும் நிலையத்தில் ஒரு மழை, ஒரு பழுது வந்தாலும் நாள் முழுக்கத் தாமதம் நீளும். மும்பையும் கடைசியில் நவி மும்பையைக் கட்டத்தான் நேர்ந்தது.

இணையான ஓடுபாதை போடலாமே என்பார்கள். இரண்டிலும் ஒரே நேரத்தில் தனித்தனியாக இறங்க, மையக்கோடுகளுக்கு இடையே குறைந்தது 1,035 மீட்டர் வேண்டும் என்பது சர்வதேச விதி. ஒன்றில் இறங்க, மற்றதில் கிளம்ப மட்டும் என்றால் 760 மீட்டர். மீனம்பாக்கத்தின் மொத்தப் பரப்பே சுமார் 1,300 ஏக்கர். (ஐதராபாத் சுமார் 5,500.) வடக்கே அடையாறு, அதைத் தாண்டினால் மணப்பாக்கம், கொளப்பாக்கம் வீடுகள். வயலுக்குப் பதில் மாடிவீடுகளை இடிக்க வேண்டும். அந்த யோசனை ஒருமுறை எழுந்து கைவிடப்பட்டதற்குக் காரணம் அதுதான்.

மடையடி

பரந்தூருக்கு அரசு சொல்லும் பரப்பு 5,746 ஏக்கர். பட்டா 3,774, மீதி 1,972 அரசு நிலம். மூன்றில் ஒரு பங்கு புறம்போக்கு, யாருக்கும் நட்டமில்லை என்று சுலபமாகச் சொல்கிறார்கள். அந்தப் புறம்போக்கில் என்ன இருக்கிறது என்று அடங்கலை (கிராம நிலக் கணக்கை) எடுத்துப் பாருங்கள். ஏரி, குளம், தாங்கல், ஓடை, வரத்துக்கால்வாய், மேய்க்கால். பாலாற்றிலிருந்து வரும் கம்பன் கால்வாய் இந்த இடத்தைக் கடந்துதான் ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்குப் போகிறது. அங்கே கலங்கல் வழிந்தால் செம்பரம்பாக்கம், அது திறந்தால் அடையாறு. மீனம்பாக்கத்தின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் மேல் பாலமாகப் போகிறது. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்தபோது அந்த விமான நிலையமே மூழ்கிச் சில நாள் மூடிக்கிடந்தது. மேலே இருக்கும் ஏரியைத் தூர்த்தால் கீழே இருக்கும் பழைய விமான நிலையத்துக்கும் ஆபத்து கூடும். இது ஒரே நீர்வழி.

கணக்கு இதோ. 5,746 ஏக்கர் என்பது 23 சதுர கி.மீ. அதன் மேல் 10 செ.மீ. மழை பெய்தால் சுமார் 8 கோடி கன அடி. ஏரியிலும் வயலிலும் விழுந்தால் தங்கி, நாள்கணக்கில் வடியும். இடம் முழுவதும் கான்கிரீட் ஆகாது, புல்வெளியும் இருக்கும் என்பார்கள். விமான நிலையப் புல்வெளியில் தண்ணீர் நிற்க விடமாட்டார்கள், பறவை வரும். அதனால் அங்கிருந்தும் வேகமாக வடித்துவிடுவார்கள். பாதித் தண்ணீர் 6 மணி நேரத்தில் வெளியேறினாலே விநாடிக்கு 1,900 கன அடி. முழுவதையும் பிடித்து வைக்க, 3 மீட்டர் ஆழத்தில் 190 ஏக்கர் குளம் வேண்டும்.

மாற்றுக்குளம் வெட்டித் தருகிறோம் என்பதில்தான் ஏமாற வாய்ப்பு அதிகம். ஏரி என்பது கரை கட்டி மேட்டில் நிறுத்திய தண்ணீர். மடையைத் திறந்தால் ஆயக்கட்டுக்கு, அதாவது அந்த ஏரியின் பாசன வயல்களுக்கு, தானாகப் பாயும். தோண்டிய குளத்தில் தண்ணீர் நிலமட்டத்துக்குக் கீழே நிற்கும், மோட்டார் இல்லாமல் ஒரு சென்ட் வயலுக்கும் ஏறாது. எத்தனை கன அடி என்று மட்டும் கேட்காதீர்கள், எந்த மட்டத்தில் என்றும் கேளுங்கள்.

ஓடுபாதை25

@மடையடி, நீங்கள் சொல்வது சரி, ஆனால் பொறியியலில் முடியாதது என்று இல்லை. நவி மும்பையில் உல்வே ஆற்றையே திருப்பிவிட்டு, குன்றை வெட்டித்தான் கட்டினார்கள்.

மடையடி

அங்கே திருப்பிய தண்ணீருக்குக் கழிமுகம் பக்கத்திலேயே இருக்கிறது, கடலுக்குப் போய்விடும். இங்கே திருப்பிய தண்ணீர் அடுத்த ஏரிக்குச் சரியான அளவில், சரியான மட்டத்தில் போய்ச் சேர வேண்டும். குறைந்தால் அந்த ஊருக்கு வறட்சி, கூடினால் வெள்ளம். வித்தியாசம் பெரிது.

புலஎண்

நிலம் பற்றி. 2013 மத்திய நில எடுப்புச் சட்டப்படி என்றால் சமூகத் தாக்க ஆய்வு கட்டாயம்; அரசும் தனியாரும் சேர்ந்த திட்டத்துக்கு 70 சதவீத ஒப்புதலும் வேண்டும். இங்கே பயன்படுவது தமிழ்நாட்டின் 1997 தொழிற்தேவை நில எடுப்புச் சட்டம். அதில் இரண்டுமே கிடையாது. 2019 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் இந்த ஏற்பாட்டைச் செல்லாது என்றது. அதே ஆண்டில் சட்டமன்றம் புதுச் சட்டத்தால் உயிர்ப்பித்தது, 2021 ஜூனில் உச்சநீதிமன்றம் அதை ஏற்றது. நிலத்தை எடுத்தது ஒரு கட்சி ஆட்சியில், சட்டத்தைக் காப்பாற்றியது இன்னொரு கட்சி ஆட்சியில். ஏரிகளுக்கு வேறு சட்டம்: 2023 ஏப்ரலில் நிறைவேறி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த நில ஒருங்கிணைப்புச் சட்டம். 100 ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டத்துக்குள் நீர்நிலையையும் சேர்க்க அது வழிவிடுகிறது.

இழப்பீடு மட்டும் 2013 சட்டத்தின் கணக்குப்படி. வழிகாட்டி மதிப்பு, அல்லது கடந்த 3 ஆண்டுக் கிரயப் பத்திரங்களில் உயர்ந்த பாதியின் சராசரி, எது அதிகமோ அது. ஊரகத்தில் அதை 1 முதல் 2 வரையான காரணியால் பெருக்கி, அதே அளவு ஆறுதல் தொகை சேர்ப்பார்கள். அடிப்படை மதிப்பு 10 லட்சம், காரணி 1.25 என்றால் 12.5 லட்சம், ஆறுதல் தொகையோடு 25 லட்சம். முத்திரைக் கட்டணத்தை மிச்சப்படுத்தக் கிரயத்தைக் குறைத்து எழுதிய ஊர்களில் இங்கேதான் அடி விழுகிறது. 2017இல் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்து 2023இல்தான் திருப்பினார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

2025 ஜூலையில் பேச்சுவார்த்தை மூலம் நேரடிப் பத்திரப்பதிவு தொடங்கியது. அப்படி விற்றால் தொகை கூடுதலாகக் கிடைக்கலாம். ஆனால் பிறகு நீதிமன்றத்தில் அதிக இழப்பீடு கேட்க முடியாது. கையெழுத்துக்கு முன் இதை வீட்டில் எல்லோரும் பேசி முடிவெடுக்க வேண்டும்.

ஏரிக்கரை

நன்றி ஐயா. கிராம சபைத் தீர்மானத்துக்குச் சட்டத்தில் பலம் உண்டா? கருத்துக்கேட்புக் கூட்டத்தில் என்ன செய்ய வேண்டும்?

புலஎண்

தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி (அரசியலமைப்பு தனிப் பாதுகாப்புத் தரும் பழங்குடிப் பகுதி) இல்லாததால் தீர்மானம் திட்டத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் ஆவணம், விடாமல் போடுங்கள். விமான நிலையத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தருவது டெல்லி. அதற்கு முன் மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் 30 நாள் அறிவிப்பு கொடுத்துக் கருத்துக்கேட்பு நடத்த வேண்டும். அங்கே கோஷம் மட்டும் போட்டால் "மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். புல எண், ஏரியின் பெயர், ஆயக்கட்டு ஏக்கர், கிணற்று ஆழம் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். எழுத்தில் கொடுத்ததற்குப் பதில் எழுதியாக வேண்டும். சுருக்கம்தான் தமிழில் வரும், முழு அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். நீரியல் அத்தியாயத்தை மட்டுமாவது யாரையாவது பிடித்து முன்கூட்டியே படியுங்கள்.

ஓடுபாதை25

ஒன்று விட்டுப்போனது: மீனம்பாக்கத்தின் கதி. 2008இல் புது நிலையங்கள் திறந்ததும் பெங்களூரின் எச்.ஏ.எல். நிலையத்திலும் ஐதராபாத்தின் பேகம்பேட்டிலும் வழக்கமான பயணிகள் சேவை நின்றது. முதலீடு போடுகிறவர் அருகில் போட்டி வேண்டாம் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினார். இங்கே இரண்டும் ஓடும் என்கிறார்கள். 2025 ஏப்ரலில் மத்திய அரசின் கொள்கை ஒப்புதல் வந்துவிட்டது, இனி நடத்துநருடன் போடும் ஒப்பந்தம்தான் சாட்சி. மீனம்பாக்கத்துக்கு எந்த விமானங்கள், எத்தனை ஆண்டு, எந்தக் கட்டணம் என்பது அதில் எழுத்தில் இல்லையென்றால், வாய்ச்சொல்லைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.