வன்னிக் கரையில் சுற்றுலா: கரை கெடாமல் வந்து போக – அனுபவப் பகிர்வு

முல்லைக்கரை

இலங்கையின்ர வடக்கில உள்ள வன்னிக்கு வர நினைக்கிறவை எல்லாரும் "என்னென்ன இடம் பாக்கலாம்?" எண்டுதான் கேக்கினம். முதல் கேக்க வேண்டியது "இப்ப என்ன காத்து?" எண்டது. அதைக் கேட்டால் பாதித் திட்டம் தானே வந்திடும்.

கார்த்திகை தொடக்கம் மாசி வரை வாடை, வடகீழ்க் காத்து. முல்லைத்தீவு, அளம்பில், நாயாறு, கொக்கிளாய்ப் பக்கம் கடல் கொந்தளிக்கும், குளிக்கக் கூடாது. அதே மாதங்களிலதான் மன்னார்ப் பக்கம் பறவை குவியும். பங்குனி, சித்திரையில கொண்டல் எண்ட கிழக்குக் காத்து, கிழக்குக் கடல் மெல்ல அடங்கும். வைகாசி தொடங்கி புரட்டாதி வரை சோளகம், தென்மேல் காத்து. அப்ப மன்னார்த் தீவின்ர தெற்குக் கரையில அலை ஏறும், முல்லைத்தீவுக் கடல் காலமை வேளையில குளம் மாதிரிக் கிடக்கும். டிசம்பர் விடுமுறைக்கு முல்லைத்தீவில குளிப்பும், ஆடியில வங்காலையில பூநாரையும் எண்டு திட்டம் போட்டு வாறவை ரெண்டையும் காணாமத்தான் திரும்பினம்.

கரையோட தொழில் செய்யிறவை, விடுதி நடத்திறவை, வழிகாட்டிறவை: ஆக்கள் எங்க பிழை விடுகினம், ஏன் அப்பிடி நடக்குது எண்டதை எழுதுங்கோ. சொந்தக் கதை வேண்டாம், விசயம் காணும்.

உவர்வெளி

வங்காலையில் இருந்து தொடங்குகிறேன். 2008 இல் சரணாலயம், 2010 இல் ராம்சர் ஈரநிலம் (உலக முக்கியத்துவம் உள்ளதாகப் பதிவான ஈரநிலம்), பரப்பு 4,839 ஹெக்டேயர். மன்னார்த் தீவுக்குப் போகும் கடல்வழி வீதியான தாம்போதியின் இருபுறமும் சேற்றுத்தரை. பூநாரை, ஊசிவால் வாத்து, உள்ளான் வகைகள் எல்லாம் வீதியில் நின்றே பார்க்கலாம். அதனால்தான் சிக்கலும்: வீதியில் இருந்து பார்க்க முடிவதால், இன்னும் கொஞ்சம் கிட்டப் போனால் என்ன என்று தோன்றிவிடுகிறது.

பூநாரை தலையைக் கவிழ்த்துச் சேற்றை அலசிக்கொண்டிருந்தால் உங்களால் அதற்குத் தொந்தரவு இல்லை. ஒன்றிரண்டு தலை நிமிர்த்தினால் அங்கேயே நில்லுங்கள். கூட்டம் முழுவதும் நிமிர்ந்து ஒரே பக்கமாக நடக்கத் தொடங்கினால் நீங்கள் ஏற்கனவே கிட்டப் போய்விட்டீர்கள், பின்வாங்க வேண்டும். அடுத்தது பறப்புத்தான். ஓடி எழும்பும் பெரிய பறவை அது, ஒவ்வொரு எழும்பலுக்கும் தின்ற தீனில் ஒரு பங்கு போகும். வலசைக்குக் கொழுப்புச் சேர்க்க வேண்டிய மாசி, பங்குனியில் இது இன்னும் கேடு. பறக்கும் படம் வேண்டும் என்று கை தட்டுகிறவர்களைக் கண்டால் சொல்லித் தடுங்கள்.

8×42 இருகண்நோக்கி (பைனாகுலர்) போதும். நண்டுதின்னி உள்ளான் போன்றதைத் தேடுபவருக்கு முக்காலியோடு 20–60 மடங்குத் தொலைநோக்கி தேவை. காலை ஆறேகாலில் இருந்து எட்டரை வரை, வெயில் முதுகில் விழுமாறு நில்லுங்கள். ஒன்பதுக்குப் பிறகு தரையில் இருந்து கானல் எழும்பி, எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கண்ணாடியிலும் பறவை நெளியும்.

வாகனத்தை உவர்த்தரையில் இறக்க வேண்டாம். மேலே வெள்ளையாக உப்புப் பொருக்கு, காய்ந்த தரை மாதிரித்தான் தெரியும். ஒரு அங்குலத்துக்குக் கீழே களி. முன்சில்லு இறங்கியதும் ஓட்டுநர் அக்சிலரேற்றரை மிதிப்பார், சில்லு சுழன்று அச்சு வரை தாழும். இழுக்க உழவு இயந்திரம் வரும், அதுவும் ஒரு தடத்தைக் கிழிக்கும். அந்தத் தடத்தில் தண்ணீர் ஓடத் தொடங்கினால் அரையடி ஆழத்தில் பரந்து நிற்க வேண்டிய நீர் வாய்க்கால் பிடித்து வடிந்துவிடும். பறவைக்கு வேண்டியது அந்த ஆழமில்லாத நீர்தான்.

ட்ரோன் பற்றி: சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் அனுமதி ஒன்று, சரணாலயத்துக்குள் வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேறு. ஒன்று இருந்தால் மற்றது தானாக வராது. பறவைக்கு அது பருந்து. அனுமதி இருந்தாலும் கூட்டத்துக்கு மேலே விடாதீர்கள்.

தலைமன்னார் இறங்குதுறை

தீடைக்கு, கடலுக்குள்ள கிடக்கிற மணல் திட்டுகளுக்கு, போறது பற்றி நான் எழுதிறன். ஆதாம் பாலம் தேசியப் பூங்கா. வனஜீவராசிகள் திணைக்களத்திட்டயும் கடற்படையிட்டயும் முதலே அனுமதி எடுக்கவேணும். கடல் எல்லை கிட்ட, அதால அடையாள அட்டை எல்லாற்றையும் கேப்பினம். "துறையில போய்ப் பாப்பம்" எண்டு வந்தால் ஒருநாள் வீண்.

மே தொடக்கம் ஆவணி வரை ஆலா எண்ட கடற்பறவை இனங்கள் அந்த மணல்ல முட்டை வைக்கிற காலம். கூடு எண்டு ஒண்டும் இல்லை, மணல்ல சின்னக் குழி. முட்டையும் மணல் நிறம், புள்ளி போட்டது. மேல ஏறி நடந்தால் காலுக்குக் கீழ மிதிபடுறது உங்களுக்கே தெரியாது. மிதிக்காட்டியும் தாய் எழும்பி நிண்டால் வெயில் முட்டையைச் சுடும், காகமும் கடற்புறாவும் பாத்துக்கொண்டு நிக்கும். ஆலா தலைக்கு மேல கத்திக்கொண்டு குத்துறமாதிரி இறங்கினால் நீங்கள் முட்டை கிடக்கிற இடத்துக்குள்ள நிக்கிறியள். வந்த வழியால, அலை நனைச்ச ஈர மணலால திரும்புங்கோ. அந்தக் காலத்தில இறங்காமல் படகில இருந்து பாக்கிறதுதான் சரி.

படகுக்காரருக்கும் ஒண்டு. ஆழம் இல்லாத இடத்தில எஞ்சினை முழுக்க இறக்கி ஓடினால் கடற்புல்லு வேரோட அறுபடும். மேல இருந்து பாத்தால் பச்சைக்குள்ள வெள்ளைக் கோடு கோடாத் தெரியிறது அதுதான். கடற்பசு தின்னிறது அந்தப் புல்லு. இடுப்பளவுத் தண்ணிக்குள்ள வந்தால் எஞ்சினைத் தூக்கிப்போட்டு மரக்கோலால ஊண்டுங்கோ. நங்கூரம் வெள்ளை மணல்ல விழவேணும், பச்சையில இல்லை. ஆளுக்கொரு லைஃப் ஜக்கெட் படகில கிடந்தாக் காணாது, போட்டிருக்கவேணும். சோளகத்தில காலமை போகேக்க அமைதி, பதினொரு மணிக்குப் பிறகு காத்து ஏறும். திரும்பி வாற நேரத்தைப் போக முதலே பேசுங்கோ. கூலியும் அப்பிடித்தான்: படகுக்கா, ஆளுக்கா, எண்ணெய் உள்ளயா வெளியயா எண்டு கரையிலயே தீர்க்கிறது ரெண்டு பகுதிக்கும் நல்லது.

காத்தாடிச் சறுக்கு (kitesurfing) விளையாட வாறவையும் இப்ப கூட. விரிக்கிற இடத்தில வலை காயுதா, தறி நட்டிருக்கா எண்டு பாத்து விரியுங்கோ. அந்த நூல் கழுத்தில பட்டால் ஆள் மிஞ்சாது.

கிணத்தடி

எல்லாரும் கடலைப் பற்றியும் பறவையைப் பற்றியும் எழுதுகிறார்கள். மன்னார்த் தீவில் சுற்றுலா முதலில் கை வைப்பது கிணற்றில்தான். விடுதி கட்ட யோசிக்கிறவர்கள் தயவுசெய்து இதை முழுக்க வாசியுங்கள்.

தீவின் நல்ல தண்ணீர் என்பது மழை மணலில் ஊறி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்பது. நன்னீர் கொஞ்சம் இலேசு, அதனால் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மறுபக்கமும் அதே கணக்குத்தான். பம்ப் அடித்து மேலே ஒரு அடி இறக்கினால், உப்பு கீழேயிருந்து பல மடங்கு ஏறி வரும். ஒருமுறை ஏறின உப்பு ஒரு மாரியோடு போகாது.

இப்போது செலவைப் பாருங்கள். இரண்டு வாளியில் குளித்தால் 30 லீற்றர். ஷவரில் நிமிடத்துக்கு 8–10 லீற்றர், ஏழு நிமிடம் நின்றால் வாளிக் குளிப்பின் இரட்டிப்பு. நீச்சல் தடாகம் 8 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம், ஒன்றரை மீற்றர் ஆழம் என்றால் 48,000 லீற்றர். அதில் நாளுக்கு 5 மில்லிமீற்றர் ஆவியானாலே 160 லீற்றர் போய்விடும். மன்னார்க் காற்றுக்கு அது குறைந்த மதிப்பு. கடல் 200 மீற்றரில் இருக்கும்போது தடாகம் எதற்கு என்பது என் கேள்வி.

ஆழக் குழாய்க்கிணறு இறக்கிப் பெரிய மோட்டர் பூட்டுவதுதான் வழக்கமான பிழை. ஆழம் போகப் போக உப்புக்குக் கிட்டப் போகிறீர்கள். அகலமான, ஆழம் குறைந்த கட்டுக்கிணறு, சின்ன மோட்டர், காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாக மேல்தாங்கிக்கு ஏற்றுதல்: இதில் கிணறு ஊற நேரம் கிடைக்கும். மழைக்காலத்தில் கூரைத் தண்ணீரைத் தாங்கியில் பிடியுங்கள், மிச்சத்தைப் பக்கத்துக் குழிக்குள் விட்டு மணலுக்கே திருப்பிக் கொடுங்கள். தண்ணீரின் உப்பைக் காட்டும் மின்கடத்துதிறன் மீற்றர் ஒன்று வாங்கி மாதத்துக்கு ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள். மீற்றர் இல்லாவிட்டாலும் சவர்க்காரம் நுரைக்காமல் போவதும், தென்னம்பிள்ளையின் ஓலை நுனி கருகுவதும் காட்டிக்கொடுக்கும். அந்த நேரம் பக்கத்து வீட்டுக்காரர் கிணற்றிலும் உப்பு ஏறியிருக்கும்; அவர்தான் முதலில் சண்டைக்கு வருவார், நியாயமும் அவர் பக்கம்தான்.

மலக்குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடி என்று வழக்கமாகச் சொல்வார்கள். களித்தரையில் அது போதும். மணலில் கழிவுநீர் வடிபடாமல் விரைவாக ஓடும், தள்ளி வைக்கக்கூடிய அளவுக்குத் தள்ளி வையுங்கள். அடி பூசி மூடிய தாங்கியாக இருக்க வேண்டும், அடி திறந்த வளையக்குழி வேண்டாம்.

நாயாற்றுக்காரன்

கிணத்தடி அண்ணை சொன்னது மன்னாருக்கு மட்டுமில்லை, எங்கட கரை மணலுக்கும் பொருந்தும்.

இந்த முல்லைத்தீவுப் பக்கம் ஆபத்து ரெண்டு இடத்தில. ஒண்டு முகத்துவாரம், களப்பு கடலோட சேருற வாய். நந்திக்கடல் வட்டுவாகல்லயும், நாயாறு பாலத்தடியிலயும் கோடையில மணல் மேவி வாய் அடைபடும். மாரி வெள்ளம் ஏற, தானா உடைக்கும் அல்லது வெட்டி விடுவினம். எப்ப வெட்டுறது எண்டதில வயல்காரருக்கும் கடற்றொழிலாளிக்கும் ஒவ்வொரு வருசமும் இழுபறி. வயலுக்குத் தண்ணி வடியவேணும், இறாலுக்கு நேரம் பாத்து வாய் திறக்கவேணும். வெட்டினவுடன ரெண்டு அடி வாய்க்கால், பின்னேரம் பாத்தால் ஆறு. பாக்க வாற சனம் விளிம்பில போய் நிக்கும். விளிம்புக்குக் கீழ மணலைத் தண்ணி குடைஞ்சு கொண்டு போகும், மேல ஒண்டும் தெரியாது. விளிம்புக்குச் சமாந்தரமா மயிர் போல வெடிப்பு ஓடினால் அந்தத் துண்டு முழுக்க இறங்கப் போகுது. பத்து மீற்றர் தள்ளி நில்லுங்கோ.

மற்றது கடல் இழுவை. அலை உடையாமல், கொஞ்சம் கறுப்பா, அமைதியாத் தெரியிற பட்டை இருக்கே, சனம் "இது நல்ல இடம்" எண்டு இறங்கிறது அதுக்குள்ளதான். மணல்மேட்டுக்கு இடையில உள்ள வாயால தண்ணி கடலுக்குத் திரும்பிற இடம் அது. இழுத்தால் கரைக்கு நேரா நீந்தாதேங்கோ, களைச்சுப் போவியள். கரையோட சமாந்தரமா நீந்தி வெளியால வந்து, அலை உடையிற இடத்தால கரையேறுங்கோ.

களப்புக்குள்ள நடக்கேக்க காலைத் தூக்கி வைக்காமல் தேய்ச்சுத் தேய்ச்சு நடந்தால் திருக்கை விலகிப் போகும். குத்தினால் பொறுக்கக்கூடிய சூட்டுத் தண்ணியில, 45 பாகை அளவு, ஒரு மணித்தியாலம் வரை காலை வைக்க வலி இறங்கும். முள்ளு உள்ள முறிஞ்சிருக்கலாம், ஆசுபத்திரிக்குப் போகவேணும்.

கரைவலை இழுக்கிற இடத்தில ரெண்டு கயித்துக்கும் நடுவில நிக்காதேங்கோ, இறுகின கயித்தைத் தாண்டாதேங்கோ. மீன் சேருற வலைப்பை, மடி, கரைக்கு வாற கடைசிப் பத்து நிமிசம் ஒருத்தரும் உங்களுக்குப் பதில் சொல்ல மாட்டினம், கோவிக்காதேங்கோ. மீன் வேணுமெண்டால் தரம் பிரிச்சு முடியட்டும், வலைச் சொந்தக்காரரான சம்மாட்டியாரைக் கேட்டு வாங்கலாம். நண்டு வாங்கினால் வயித்தில மஞ்சளா, கறுப்பாச் சினை ஒட்டியிருக்கிறதைத் தவிருங்கோ. ஆக்கள் கேக்காட்டி அது கரைக்கு வராது.

உவர்வெளி

நாயாற்றுக்காரருக்கு ஒரு சின்ன மறுப்பு. சந்தையில் கேட்காமல் விட்டால் சினை நண்டு வலையில் படாமல் போகாது, வள்ளத்திலேயே உயிரோடு திருப்பி விட்டால்தான் பயன். மற்றபடி சரி.

முல்லைக்கரை

ரெண்டு விசயம் விடுபட்டது. சிவப்பில மண்டையோடு போட்ட மிதிவெடிப் பலகை கண்டால் அந்தப் பக்கம் கால் வைக்காதேங்கோ, மலசலத்துக்கும் பற்றைக்குள்ள இறங்காதேங்கோ. ஆள் நடந்த தடத்தில மட்டும் நடவுங்கோ. மற்றது, முள்ளிவாய்க்கால் பார்வையிடும் இடம் இல்லை. அங்க ஆக்கள் தங்கட சனத்துக்கு விளக்கு வைக்கிறவை. சிரிச்சு நிண்டு படம் எடுக்கிறதும், "அப்ப என்ன நடந்தது?" எண்டு தேத்தண்ணிக் கடையில ஆளை மறிச்சுக் கேக்கிறதும் வேண்டாம். சொல்ல விரும்பினால் அவையே சொல்லுவினம்.

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்கு வாறவைக்கு: வைகாசி விசாகத்தை ஒட்டி வீதி முழுக்கச் சனம். வாகனத்தைத் தூர விட்டிட்டு நடக்கிற எண்ணத்தோட வாங்கோ, தண்ணிப் போத்தலைக் கையோட கொண்டு வந்து நிரப்புங்கோ.

தலைமன்னார் இறங்குதுறை

குப்பையைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லை. 2023 ஒக்டோபர் 1 தொடக்கம் பிளாஸ்ரிக் ஸ்ரோ, கோப்பை, கரண்டி, இடியப்பத் தட்டு எல்லாம் விக்கத் தடை. ஆனால் லஞ்ச்சீற் எண்ட மெல்லிய பொலித்தீன் தாளில கட்டின சோத்துப் பார்சல் கரைக்கு வந்துகொண்டுதான் இருக்கு. கறி ஒட்டின தாளைக் கழுதை தின்னும், மாடும் தின்னும். வயித்தில கட்டிப்பட்டுச் சாகும். தொட்டிக்குள்ள போட்டாலும் காத்து அள்ளிக்கொண்டு போகும், மூடி இல்லாத தொட்டி இங்க தொட்டியே இல்லை. வாழையிலையில கட்டித் தரச் சொல்லி முதல்நாளே சொன்னால் கடைக்காரர் கட்டித் தருவினம். திடீரெண்டு காலமை கேட்டால் இலை இராது.

கிணத்தடி

அரிப்பில், முதல் பிரித்தானிய ஆளுநர் பிரெடெரிக் நோர்த் கட்டிய டொரிக் மாளிகைக்குப் போகிறவர்கள் சுவரில் ஏற வேண்டாம். செங்கல்லும் சாந்தும், அடியில் கடல் அரித்துக்கொண்டே இருக்கிறது. கடல் பக்கமாகக் கீழே நின்றும் பார்க்க வேண்டாம், கல் விழுவது அந்தப் பக்கம்தான். நிழல் இல்லை, குடிக்கத் தண்ணீர் சிலாவத்துறையில் நிரப்பிக்கொண்டு போங்கள். மன்னாரில் இருந்து பஸ் உண்டு, ஆனால் பின்னேரத்துக்குப் பிறகு திரும்பும் பஸ்ஸை நடத்துநரிடம் இறங்கும்போதே கேட்டு வையுங்கள்.