நியூ ஜெர்சியில் முதல் வசந்தம்: புல்லுக்கு அவசரம் இல்லை, மரத்தைப் பாருங்கள்

எடிசன், மன்ரோ, பிளைன்ஸ்பரோ பக்கம் வீடு வாங்கி முதல் குளிர்காலத்தைத் தாண்டியவர்களுக்காக எழுதுகிறேன். மார்ச் பிறந்ததும் கடை வாசல்களில் உர மூட்டைகள் ஏறிவிடும். பக்கத்து வீட்டுக்காரர் ஸ்பிரெடரைத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தால் நமக்கும் கை பரபரக்கும். பொறுங்கள். ஏப்ரலில் புல்லுக்குச் செலவு வைக்கும் வேலை ஒன்றுதான். மிச்சக் கவனம் எல்லாம் மரங்களுக்குப் போகட்டும்.

அந்த ஒரு வேலை கிராப்கிராஸ் தடுப்பு. மண்ணின் வெப்பம் 55 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டுச் சில நாள் நிலைத்தால் இந்தக் களையின் விதை முளைக்கத் தொடங்கும். இதற்கென்று வெப்பமானி வாங்க வேண்டாம். தெருவில் ஃபோர்சித்தியா என்னும் புதர்ச்செடி மஞ்சளாகப் பூக்கும். அந்தப் பூ உதிர்வதற்குள் மருந்தைத் தூவிவிடுங்கள். பெரும்பாலான தடுப்பு மருந்துகள் களை விதை, புல் விதை என்று பேதம் பார்ப்பதில்லை. வழுக்கை விழுந்த இடத்தில் அதே வாரம் புல் விதைத்தால் விதைக் காசு வீண். விதைப்பை ஆகஸ்ட் கடைசிக்கோ செப்டம்பருக்கோ தள்ளிவையுங்கள். இங்குள்ள ஃபெஸ்க்யூ, கென்டக்கி புளூகிராஸ் போன்ற புல் வகைகள் எல்லாம் குளிர்ச்சியை விரும்புபவை. ஜூலை வெயிலில் பழுப்பாகிக் கிடந்தால் செத்துப்போனதாக எண்ணிப் பதறாதீர்கள், உறங்குகின்றன. வெயிலில் செழிப்பது அருகம்புல்தான். பிள்ளையாருக்குச் சாத்தும் அதே புல்லை இங்கே களை என்று பிடுங்குகிறார்கள்!

உரம் போட மாநிலச் சட்டம் உண்டு. நவம்பர் 15 முதல் மார்ச் 1 வரை வீட்டுக்காரர்கள் போடக் கூடாது. பாஸ்பரஸ் உள்ள உரம் வேண்டுமானால், புதிதாகப் புல் விதைக்கும்போது தவிர, மண் பரிசோதனையில் தேவை என்று தெரிந்திருக்க வேண்டும். ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடம் அந்தப் பரிசோதனையைச் செய்து தருகிறது. புல்லை 3 அங்குலத்துக்குக் கீழே வெட்டாதீர்கள், வெட்டியதை அப்படியே விட்டுவிடுங்கள். புல்லுக்கு இது போதும்.

இனி மரங்கள். ஏப்ரலில் இலை வருவதற்கு முன்பே உடம்பெல்லாம் வெள்ளைப் பூவாக நிற்பது பிராட்ஃபோர்ட் பேர் (பேரிக்காய் இனம்) மரமாக இருக்கலாம். படம் எடுக்க அழகு, கிட்டே போனால் மீன் கவிச்சி. சீனாவிலிருந்து வந்த இனம். 1960களில் அமெரிக்க வேளாண் துறையே அலங்கார மரமாக அறிமுகம் செய்தது. தனி ரகமாக இருந்தவரை காய்க்கவில்லை. வேறு ரகங்களும் அருகில் வந்ததும் மகரந்தம் கலந்து காய்த்துவிட்டது. பறவைகள் விதையைக் காடு மேடெல்லாம் கொண்டுபோயின. அப்படித் தானாக முளைக்கும் கன்றுகளில் டயரையே குத்திக் கிழிக்கும் முள் இருக்கும். பக்கத்து மாநிலமான பென்சில்வேனியா இதன் விற்பனையையே தடை செய்துவிட்டது. கிளைகள் ஒரே இடத்தில் நெருக்கியடித்துக் கிளம்புவதால், வளர்ந்த மரம் காற்றிலும் பனியிலும் நடுவில் பிளந்து விழும். கீழே கார் நிறுத்துபவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். பூத்திருக்கும்போதே அடையாளம் கட்டி வையுங்கள். பிறகு பச்சைக்குள் பச்சையாக மறைந்துவிடும். சிறு கன்றுகளை மழை பெய்த மறுநாள் வேரோடு பிடுங்கலாம். பெரியதை வெட்டினால் அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கும், ஆகவே வெட்டிய உடனே அதில் களைக்கொல்லி தடவ வேண்டும். அந்த இடத்தில் ரெட்பட் அல்லது சர்வீஸ்பெரி வையுங்கள். இரண்டும் இந்த மண்ணின் மரங்கள், வசந்தத்தில் பூக்கவும் செய்யும்.

வேலியோரம் தானாக வளர்ந்து நிற்கும் மரத்தை வெட்டலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். முதலில் ஓர் இலையைப் பறித்துப் பாருங்கள். நீண்ட காம்பின் இருபுறமும் வரிசையாகச் சிற்றிலைகள். ஒவ்வொன்றின் விளிம்பும் வழவழப்பு, அடியில் மட்டும் ஓரிரு பல், அந்தப் பல்லில் சிறு புடைப்பு. கசக்கினால் சிக்குப் பிடித்த கடலை எண்ணெய் நாற்றம். இவை எல்லாம் பொருந்தினால் அது ட்ரீ ஆஃப் ஹெவன் என்னும் ஆக்கிரமிப்பு மரம். விளிம்பு முழுக்கப் பல் இருந்தால் இந்த மண்ணின் சுமாக் மரமாக இருக்கலாம்; அதை விட்டுவிடுங்கள்.

ட்ரீ ஆஃப் ஹெவன்தான் என்றாலும் இப்போது வெட்டாதீர்கள். அடியோடு வெட்டினால் வேர் முழுக்க விழித்துக்கொண்டு, புல்வெளியின் நடுவிலெல்லாம் கன்று கிளம்பும். ஜூலை முதல் இலை நிறம் மாறும் வரை மரம் உணவை வேருக்கு இறக்கும் காலம். அப்போது பட்டையில் இடைவெளி விட்டுச் சிறு வெட்டுகள் போட்டுக் களைக்கொல்லி ஊற்றினால் அதுவும் வேர்வரை இறங்கும். ஒரு மாதமாவது பொறுத்து, பிறகு வெட்டுங்கள். 2014இல் பென்சில்வேனியாவில் முதலில் தென்பட்டு இங்கும் பரவிய, பயிர்களைக் கெடுக்கும் லேன்டர்ன்ஃபிளை பூச்சிக்கு இதுதான் மிகப் பிடித்த மரம். பட்டையில் காய்ந்த சேறு பூசியது போல் சாம்பல் திட்டு இருந்தால் அது முட்டைக் கூட்டம். மே மாதம் பொரிப்பதற்குள் பழைய கார்டு ஒன்றால் சுரண்டி, ஆல்கஹால் உள்ள பையில் போட்டு மூடிவிடுங்கள்.

மரம் எதுவானாலும் டவுன்ஷிப் அலுவலகத்தில் அனுமதி வேண்டுமா என்று கேளுங்கள். எச்.ஓ.ஏ. (வீட்டு உரிமையாளர் சங்கம்) இருந்தால் அவர்களிடமும் எழுத்தில் வாங்குங்கள். அடிக்கட்டையைத் தோண்டி எடுக்கவோ புதுக் கன்று நடவோ போகிறீர்கள் என்றால், மூன்று வேலை நாட்களுக்கு முன்பே 811க்கு அழையுங்கள். நிலத்தடி எரிவாயு, மின்சார இணைப்புகள் எங்கே போகின்றன என்று இலவசமாகக் குறியிட்டுத் தருவார்கள்.